பன்றிக் கணக்கு

பாப்புவா நியூ கினியின் மேட்டுநிலம்.
தகரக் கூரைமேல் மழை ஓய்ந்த ஞாயிறு.
நான் வாசிப்பவன்; விளக்கம் பாஸ்டருடைய வேலை.
கல்லறைகளில் குடியிருந்தவனை வாசித்தேன்,
அவன் அறுத்தெறிந்த சங்கிலியை வாசித்தேன்,
அவனுக்குள் இருந்தவை தம் பெயரை லேகியோன் என்றதையும்
சரிவில் மேய்ந்த இரண்டாயிரம் பன்றிகள்
அவற்றைச் சுமந்து ஏரிக்குள் பாய்ந்ததையும்.

"எத்தனை?" என்றாள் நெங்கே.
இரண்டாயிரம்.
"இன்னொரு தரம் படி."
இரண்டாயிரம்.
பெஞ்சுகளில் ஒரு முனகல் ஓடியது.

எங்களிடம் பன்றி என்றால்
பெண்ணெடுக்க முப்பது,
பிணத்துக்கு ஈடு அறுபது,
இரண்டு குலத்துச் சண்டையை
ஒரு தலைமுறைக்கு மூடிவைக்க இருநூறு.
குட்டியைப் பையில் சுமந்து
சர்க்கரைவள்ளியை மென்று ஊட்டிப்
பெயர் வைத்து, அடுப்போரம் படுக்கவைத்து
வளர்ப்பது பெண்கள்.
திடலில் எழுந்து பேசுவது ஆண்கள்.

"யார் ஈடு கட்டியது?"
கட்டியதாக எழுதவில்லை.
"பன்றிக்காரர்கள் வந்து என்ன கேட்டார்கள்?"
எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று.
"அதோடு விட்டார்களா? தங்கமான ஜனங்கள்."

இங்கே இதை முதலில் வாசித்த வெள்ளைக்கார போதகர்
ஆத்துமாவைவிடப் பன்றி பெரிதென்று
எண்ணிய கூட்டம் பாருங்கள், என்றாராம்.
அறுபது வருஷம் தலையசைத்தோம்.

லேகியோன் ரோமச் சேனையின் ஒரு பிரிவு
என்ற அடிக்குறிப்பையும் படித்தேன்.
இந்த நாட்டைவிட்டு மட்டும் துரத்தாதே என்று
அவை கெஞ்சியதைப் படித்தபோது
யாரோ சிரித்தார்கள்.
குத்தகையை நீட்டித்துக் கேட்டு வந்தவர்களும்
போன மாதம் இதையேதான் சொன்னார்கள்.
கம்பிவேலிக்கு அப்பால்
சுரங்கத்தின் காவல் வண்டிகள் நிற்பது
ஜன்னலில் தெரியும்.
கழிவுமண்ணில் பொன் அரிக்கப் போன யாகிபியை
அவர்கள் கட்டிவைத்த தூணும் தெரியும்.
இப்போது அவன் இரவெல்லாம் கத்துகிறான்.
கல்லெடுத்துத் தன்னையே கீறிக்கொள்கிறான்.
அவனுடைய அம்மா பின்வரிசையில் இருந்தாள்.
"அவனை முதலில் குணமாக்கட்டும்," என்றாள்,
"ஈடு பிறகு பேசலாம்."
யாரும் மறுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கூரை சொட்டியது.
பிறகு நெங்கே, யாரையும் பார்க்காமல்:
"பன்றி மூழ்கும்.
பேய் மூழ்குமா?"

பக்கத்தைத் திருப்பினேன்.
கதை படகேறி அக்கரைக்குப் போய்விட்டிருந்தது.
அந்த ஏரி என்ன ஆயிற்று,
மறுநாள் காலை அதில் குடம் அமிழ்த்தியது யார்,
ஒரு வரி இல்லை.

எங்களுக்குத் தெரியும்.
மேலே அவர்கள் மதகைத் திறந்த வருஷம்
ஆறு செங்கஞ்சியாய் இறங்கியது.
விலாங்குகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.
நெங்கேயின் நாலு பன்றிகள்
குடித்த இடத்திலேயே கால் மடித்தன.
நீர் அளவுக்குள் இருக்கிறது என்று
கம்பெனி ஒரு தாள் கொடுத்தது.
யாருடைய அளவு என்று தாளில் இல்லை.

பாஸ்டர் யம்பேன் ஆசீர்வாதம் சொல்ல எழுந்தார்.
சொல்லாமல் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் கரைக்குப் போனார்கள்.
சவுக்குக் கிளை வெட்டி முளையடித்தார்கள்,
ஈட்டுப் பன்றிகளைக் கட்டும் வரிசையில்,
பன்றிக்கு ஒன்று.
கயிறு இல்லை. பன்றி இல்லை.
வருகிறவர் எண்ணிக்கொள்ளட்டும் என்றார்கள்.
கம்பெனியா, கர்த்தரா என்றேன்.
"யாருக்கு எண்ணத் தெரியுமோ அவர்."

இருட்டும்வரை நூற்றிமுப்பத்தேழு.
முளைகளை நான் பிடித்துக்கொண்டேன்;
ஒரு அடி என் கட்டைவிரலில் விழுந்தது.
அக்கரைப் பாறையில் யாகிபி,
சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து
ஒவ்வொரு அடிக்கும் எண் சொன்னான்,
தப்பாமல்.