தொடாதீர், ஈரம்

போஜராஜ் அதைக் கட்டி இழுத்து வந்தபோது
அது வண்டியே இல்லை.
கேரட் ஏற்றி ஏற்றி முதுகு வளைந்த மூக்கு லாரி,
ரேடியேட்டர் இருந்த இடத்தில்
கோழி ஒன்று அடைகாத்திருந்தது.
"மே பதினெட்டு, ஊட்டியில் பழைய வண்டிக் கண்காட்சி.
மயில் வேணும் தவமலர்,
இடது பக்கம் முழுக்க."
வலது பக்கம்?
"அதை மச்சானைக் கேட்டுச் சொல்றேன்."

எஞ்சினை சிக்கந்தர் பார்த்துக்கொண்டான்.
நான் சுரண்டினேன்.
பச்சைக்கு அடியில் சிவப்பு,
சிவப்புக்கு அடியில் ஏதோ ஒரு கட்சி நிறம்,
அதற்கும் அடியில்
யாரோ ஆணியால் கீறிய டீக்கணக்கு:
மூணு, மூணு, ரெண்டு, வடை இல்லை.
எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பரில்
என் கைரேகையும் கொஞ்சம் போயிற்று.
ரேஷன் கடை மெஷின்
இரண்டு மாதம் என்னை நம்பவில்லை.

கோத்தகிரியில் பெயின்ட் அடிப்பது
மஞ்சோடு பேரம் பேசுவது.
வெயில் பதினொன்றுக்குக் கடை திறக்கும்,
மூன்றுக்குச் சாத்தும்.
இடையில் அடித்தது காயும்,
மிச்சம் பால் படிந்து வெளுக்கும்.
இருநூறு வாட்ஸ் பல்பு ஆறு,
அக்கா மகளின் முடி உலர்த்தும் மெஷின்,
இவ்வளவையும் வைத்துத்தான்
பானெட்டுக்குத் தாமரை, மட்கார்டுக்குக் கொடி,
கண்ணாடிக்கு மேலே ஹெத்தையம்மன் துணை,
டீசல் டேங்கில் இரண்டு அன்னம்.
கோடு இழுக்கையில் மூச்சை நிறுத்துவேன்.
பக்கத்தில் யாராவது தும்மினால்
அன்னத்துக்குக் கழுத்து நீளும்.

பின்பலகையில் என்ன எழுதுவது என்று
ஒரு வாரம் சண்டை.
ஒலி எழுப்புக என்றார்.
நிற்கிற வண்டியை யார் முந்தப்போகிறார்கள்?
அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எழுதிவிட்டேன்:
பார்த்துப் போ. பார்த்துக்கிட்டே போகாதே.

மயில் கடைசி.
பதினொரு நாள். தோகைக்கு நூற்று முப்பது கண்.
ஒவ்வொன்றிலும் செம்பு, பச்சை, ராத்திரி நீலம்,
நடுவில் ஊசிமுனை வெள்ளை.
பதினேழாம் தேதி சாயங்காலம்
கடைசிக் கண்ணைத் திறந்தேன்.
ஷெட்டுக்குள் மூக்கு மட்டும் போனது,
மற்றதெல்லாம் வெளியே.
அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்:
தொடாதீர், ஈரம்.

காட்டெருமைக்குப் படிக்கத் தெரியாது.

இரவு ஒரு மணிக்கு ஸ்பிரிங் முனகியது.
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
மஞ்சுக்குள் மஞ்சு கெட்டித்தாற்போல் கறுப்பாக,
நான்கு வெள்ளைக் காலுறையோடு,
கண்ணை மூடிக்கொண்டு
என் மயிலில் விலாவைச் சொறிந்துகொண்டிருந்தது.
ஆயிரம் கிலோ சுகம்.
கத்தலாமா என்று யோசித்தேன்.
அதற்கு அவசரம் இல்லை.
கொஞ்ச நேரத்தில் எனக்கும்.

காலையில் கொண்டை இருந்தது, கழுத்து இருந்தது,
தோகையில் பாதியைக் காணோம்.
மீந்த பாதியில் கறுப்பு மயிர் ஒட்டிக்கொண்டு
காற்றுக்கு அசைந்தது.
போஜராஜ் மூன்று சுற்று வந்தார்,
கோயிலில் வருவதுபோல.
"வலது பக்கம் தெரியற மாதிரி நிறுத்திடலாம்."
வலது பக்கத்துக்கு மச்சான் இன்னும் பதில் சொல்லவில்லை,
வெறும் சிவப்பு.

கட்டபெட்டு ஏற்றத்தில்
சிக்கந்தர் முதல் கியரில் உருட்டினான்.
எதிர் பஸ்ஸில் பிள்ளைகள்
இருக்கிற பாதி மயிலுக்கு முழுசாகக் கை காட்டினார்கள்.

நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி,
மயிரைத் தொட்டுப் பார்த்து,
"இது என்ன டெக்னிக்?" என்றார்.
"உள்ளூர்" என்றேன்.
கோப்பை குன்னூர் ஜீப் ஒன்றுக்குப் போனது.
போஜராஜ் திரும்பும் வழி நெடுக
ஜீப்பை லாரியோடு சேர்த்தது தப்பு என்றே
பேசிக்கொண்டு வந்தார்.

ஜூன் முதல் வாரம்,
கொழுந்தெடுக்கப் போன லில்லிபாய் போன் பண்ணினாள்.
மேல் டிவிஷனில் கூட்டமாக மேயுதுங்க,
அதுல ஒண்ணுக்கு விலாவில
கண்ணு கண்ணா இருக்குடி.
எத்தனை என்று கேட்டேன்.
இரு, எண்ணறேன்.
பதினொண்ணு, பன்னெண்டு, இரு,
ஐயோ, திரும்பிருச்சு.
இந்தப் பக்கம் வெறும் கறுப்புதான்.