எண்ணூற்று நாற்பது கிராம்

நார்ஃபோக்கில் மலை கிடையாது.
வடகடலில் கிளம்பிய காற்று
எங்கள் கொட்டகைக் கதவில்தான் முதலில் முட்டும்.
போரின்போது குண்டுவிமானங்கள் ஏறிய ஓடுபாதை,
இப்போது சுற்றிலும் பீட் கிழங்கு வயல்,
நடுவில் பதினொரு பேர்,
ஒரு கார்.

என் வேலை எடை.
மேசைமேல் ஒரு சமையலறைத் தராசு,
தரையில் சக்கரத்துக்கொன்றாய் நான்கு.
'ஹெஸ்டர் தர்ட்டிலிடம் போனால்
ஆணியும் பாதியாய்த் திரும்பும்' என்பார்கள்.
பொய்யில்லை.
திருகாணிகளின் தலையைக் குடைந்திருக்கிறேன்.
மூக்கில் பதிக்கும் சின்னத்துக்கு
உலோகம் எதற்கு, சாயம் போதுமென்று
முதலாளியோடு ஒரு மாதம் பேசாமலிருந்திருக்கிறேன்.
(சாயம்தான். மூன்று கிராம்.)

நூற்றுத்தொண்ணூறு குதிரைகள்தாம்.
பால் வேனுக்கே அவ்வளவு இருக்கிறதே என்று
வந்த நிருபர் சிரித்தார்.
அவருக்கு நான் சொன்னது:
கார் இளைத்தால் பிரேக் சிறிதாகலாம்,
பிரேக் சிறிதானால் சக்கரம் சிறிதாகலாம்,
சக்கரம் இளைத்தால் அதைத் தாங்கும் கரங்களும் மெலியலாம்.
ஒரு கிலோவை விரட்டினால்
அது போகிறபோது
உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போகும்.
அவர் எழுதிக்கொண்டது வேறு:
அறுபது மைலுக்கு நாலேகால் நொடி.

சட்டம் அலுமினியம். பற்றவைப்பு இல்லை, பசைதான்.
வெள்ளிக்கிழமைகளில் அடுப்பில் வேகவைப்போம்,
கொட்டகை முழுக்க எரிந்த சர்க்கரை வாசம்.
எஞ்சின், ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னே,
பின் அச்சுக்கு முன்னே.
இரு கையிலும் பை தொங்க நடப்பவர்
மெல்லத்தான் திரும்ப முடியும்;
அதே பைகளை நெஞ்சோடு அணைத்தவர்
கூப்பிட்டதும் திரும்புவார்.
கூப்பிடாதபோதும்.

மார்ச் முடிவில்,
எண்ணெய், தண்ணீர், அரைத் தொட்டி பெட்ரோலோடு
எழுநூற்றுப் பத்தொன்பது புள்ளி ஆறு.
இலக்கு எழுநூற்றிருபது.
கேக் வெட்டினார்கள். அதையும் நிறுத்தேன்.

மே மாதம், மூன்றாம் வளைவில்,
ஜெத்ரோ மேக்கின்ஸின் முன்னால் ஒரு முயல்.
முடுக்கியிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான்.
மூன்று சுழல். பிறகு பீட் வயல்.
முழங்கால்வரை சேறோடு நடந்துவந்து
தேநீர் கேட்டார்.
'முன்சக்கரம் எல்லாவற்றையும் சொல்கிறது, ஹெஸ்டர்,
ஸ்டீயரிங்கில் மணல் துகள்கூடத் தெரிகிறது.
பின்சக்கரம்தான்
ஒரு கணம் பொய் சொல்கிறது.'

ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தோம்.
பின் தாங்கியின் அடி
அரை மில்லிமீட்டர் வளைந்துகொடுத்தது.
அரை மில்லிமீட்டர்.
நான் செதுக்கிய இடம்.

டாசெட் ஒரு குறுக்குத்தண்டு செய்தான், எஃகில்.
என் மேசையில் வைத்துவிட்டு
எல்லோரும் ஒரே நேரத்தில்
எதையோ தேடி வெளியே போனார்கள்.
எண்ணூற்று நாற்பது.
மறுபடி வைத்தேன். எண்ணூற்று நாற்பது.
துளையிடலாமா என்றால், துளையிட்டால் வளையும்.
வேறெங்காவது பிடுங்கலாமா என்று
காரை இரண்டு முறை சுற்றிவந்தேன்.
பிடுங்க எதுவும் மிச்சம் வைத்திருக்கவில்லை நான்.

கையெழுத்திட்டேன்.
சுவர்ப்பலகையில் எழுநூற்றிருபதை அழித்து
எழுநூற்றிருபது புள்ளி நாலு நாலு என்று எழுதினேன்.
எழுநூற்றிருபது என்றே இருக்கட்டுமே, என்றார் முதலாளி.
கூடாது, என்றேன்.

அடுத்த நாள் ஜெத்ரோ என்னைப் பக்கத்தில் ஏற்றினார்,
எந்தக் கணக்கிலும் இல்லாத
அறுபத்தொரு கிலோவை.
இரண்டாம் வளைவு. காதுக்குப் பின்னால் எஞ்சின்
உள்ளிழுக்கும் மூச்சுகூடக் கேட்டது.
மூன்றாம் வளைவு.
நடுவில், வேண்டுமென்றே, காலை எடுத்தார்.

வால் கொஞ்சம் நகர்ந்தது.
'போகட்டுமா?' என்று கேட்பதுபோல.
ஜெத்ரோவின் மணிக்கட்டு வேண்டாமென்றது.
நின்றுவிட்டது.

இன்னொரு முறை, என்றேன்.
ஒன்பது முறை போனோம்.

திரும்பி வந்து இறங்கும்போது
இருக்கைக்கடியில் காய்ந்த சேறு, ஒரு பீட் இலை.
பதினான்கு கிராம்.
எடுத்து வெளியே வீசினேன்.