படிவத்தில் கட்டமில்லை

சிவதாபுரம், மூன்றாவது சந்து.
ரெகுலேட்டர் சரி. வாஷர் வெடிப்பு.
ஆரஞ்சு டியூப் காலாவதி, போன ஆடியோடு.
படிவம் அதை 'நெகிழ் இணைப்பு' என்கிறது,
பாவாயி 'ரப்பரு' என்கிறார்.

அடுப்புக்குப் போகிற வழியில்
பித்தளையில் ஒரு முக்கவர்.
ஒரு கை குழம்புக்கு;
இன்னொன்று சுவரைத் துளைத்துப் போய்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் குழலுக்கு.

"இதுக்கு என்ன பேருங்க?"
"பங்காளிங்க.
அங்க பத்தவெச்சா இங்க சுண்டிப்போயிரும்."

சோப்பு நுரை தடவினேன்.
கழுத்தில் ஒரு குமிழ்
ஊதி
ஊதி
உடைந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது.

'இதர' என்ற இடத்தில்
பங்காளி என்றே எழுதினேன்.
அடியில்: உடனே கழற்றவும்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்,
"எந்தப் பக்கத்தைங்க?"