மைனஸ் நூற்று இருபத்தேழு

செக்கானூரணி தாண்டி இடப்பக்கம் இறங்கும் மண்பாதையில்
ஒச்சப்பனின் கோழிக்கொட்டகை.
மூவாயிரத்து நானூறு உருப்படி, இருபத்தெட்டு நாள் வயசு,
தகரத்தின் மேல் சித்திரை மாசத்துப் பகல்.
நாலு விசிறி. அவற்றுக்கு நாலு சென்சார்,
கோழியின் கழுத்து உயரத்துக்குத் தொங்கவிட்டேன்:
வாசலோரம் ஒன்று, நடுவில் இரண்டு,
விசிறிகள் இருக்கும் மேற்குச் சுவரடியில் ஒன்று.

நாலும் ஒரே பதில் சொன்ன நாளே கிடையாது.
வாசல் முப்பது என்னும், மேற்கு முப்பத்தாறு என்னும்.
விசிறிகளுக்கோ ஒரே காது.
"எல்லாத்தையும் கூட்டி நாலால வகுத்துரு தாயி,
கரண்டு பில்லும் கையக் கடிக்காது" என்றார்.
வகுத்தேன்.
சராசரி நல்ல பிள்ளை.
யாரிடமும் சண்டை போடாது.

மூன்றாம் நாள் மதியம் ஒரு கோழி
நடுவில் தொங்கிய ஒயரைக் கொத்தி அறுத்தது.
அறுந்த சென்சார் சும்மா இருக்காது.
மைனஸ் நூற்று இருபத்தேழு என்று சொல்லும்.
"நான் இல்லை" என்பதற்கு அதன் பாஷை அது.
எனக்குத் தெரியும். நிரலுக்குச் சொல்ல மறந்திருந்தேன்.
மீதி மூன்றும்
முப்பத்துமூன்று முப்பத்துநான்கு முப்பத்தைந்து என்று கதற,
கூட்டி வகுத்தால் மைனஸ் ஆறே கால்.
உசிலம்பட்டி ரோட்டில் பனி உறைகிறது என்று நம்பி
நாலு விசிறியும் ஓய்ந்தன.

ஒச்சப்பன் செத்ததைக் கால் பிடித்து எண்ணினார்.
நாற்பத்தொன்று.
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கை கழுவப் போனவர்
ரொம்ப நேரம் கழுவினார்.

அன்று மாலையே விதியை மாற்றினேன்:
எது அதிகம் சுடுகிறதோ அதை மட்டும் கேள்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தபன் போன் செய்தான்.
ஒடிசாக்காரன், கொட்டகையிலேயே தங்கல்.
"அக்கா, ஃபேன் பைத்தியம் மாதிரி ஓடுது.
கோழி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு."
ஒரு கொழுத்த சேவல்
சென்சார் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறது.
அதன் நெஞ்சுச் சூடு முப்பத்தொன்பது.
ஒருத்தன் தூக்கத்துக்கு
மூவாயிரம் பேருக்குப் புயல்.

ஆக, இன்னொரு விதி.
பூஜ்யத்துக்குக் கீழே பேசுவதைச் சேர்க்காதே.
உச்சத்தில் கத்துவதை விடு, அடுத்ததைக் கேள்.
அரை டிகிரிக்கெல்லாம் வேகத்தை மாற்றாதே, பொறு.
அதற்குப் பிறகு கொட்டகை அடங்கியது.
விசிறிகள் நிதானமாக ஏறின, நிதானமாக இறங்கின,
தெரிந்த ரூட்டில் போகிற டவுன் பஸ் மாதிரி.

பையில் ஒரு சென்சார் மிச்சம்.
டீ குடிக்கத் தபன் அறைக்குப் போனேன்.
மேற்குச் சுவருக்கு வெளியே ஒட்டிய தகரம்.
ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் குடம், கயிற்றில் இரண்டு சட்டை.
கொட்டகையின் சூட்டையும் நெடியையும்
நாலு விசிறியும் வெளியே தள்ளுகிற பக்கம் அது.
உள்ளே ஆற ஆற இங்கே காயும்.
குடத்துக்கு மேலே ஆணியில் கட்டினேன்.
நாற்பது.
அவன் சிரித்தான். "ராத்திரி குறையும் அக்கா."

இப்போது திருநகரில், மாடியில்,
பத்தரை மணிக்குப் போனில் ஐந்து எண்கள்.
இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
முப்பத்தாறு.
நிமிஷத்துக்கு ஒரு தரம் நிரல் ஐந்தையும் வாசிக்கிறது.
நிமிஷத்துக்கு ஒரு தரம் தபனைத் தள்ளிவிடுகிறது.
உச்சத்தில் கத்துவதை விடு.
நான் எழுதிய வரிதான்.
சோதித்துப் பார்த்த, சரியான வரி.

பில்லைப் பார்த்து ஒச்சப்பன் கேட்டிருந்தார்,
"அஞ்சாவது எதுக்கு தாயி? அங்கிட்டுக் கோழியே இல்லையே."
இல்லைதான் என்றேன்.

லேப்டாப் மடியில் திறந்தே இருக்கிறது.
கர்சர் அந்த வரியின் முனையில் துடிக்கிறது.
முப்பத்தாறு.
முப்பத்தாறு புள்ளி ஐந்து.