பழைய வெர்ஷன்

களக்காட்டு வாழைத்தார் லோடை
ரோட்டிலேயே விட்டுவிட்டு
கடைக்குள் வந்து போனை நீட்டினார் ஆவுடையப்பன்.
"இந்தச் சவத்தைப் பழையபடி ஆக்கித் தாரும்வே."

ராத்திரி தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது.
அதிலிருந்து ரெக்கார்டு பட்டனை அமுக்கினால்
ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில்
எதிராளிக்குச் சொல்லிவிடுகிறது.
தார் நானூறு என்று பேசிவிட்டு
முந்நூற்றிருபது எண்ணித் தரும் கமிஷன் கடைக்காரர்
இப்போதெல்லாம் போனில்
மழையைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார்.

எல்லாம் அழிந்துபோகும் என்றேன்.
"படத்தை மட்டும் ஏத்தி வையும்.
மத்ததெல்லாம் கடன்காரன் நம்பர்."

வண்ணார்பேட்டையில் அன்று இரண்டு தடவை கரண்ட் போனது.
எண்பத்து மூன்று சதவீதம்.
லேப்டாப் பேட்டரியும் சிவப்பு.
கேபிள் அசையாமலிருக்க
இருவரும் தும்மலை அடக்கி நின்றோம்.

நாலு மணிக்கு எழுந்தது.
தேதி ஆறு வருஷம் முந்தி.
தமிழா இங்கிலீஷா என்று
ஆளைத் தெரியாததுபோல் கேட்டது.

ஸ்பீக்கரில் போட்டு மண்டியைக் கூப்பிட்டார்.
அறிவிக்க யாருமில்லை.
சிவப்புப் புள்ளி ஓடுகிறது,
ஏழு, எட்டு, ஒன்பது.
"தார் என்ன வெல அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தராசுச் சங்கிலிச் சத்தம்.
பிறகு,
"களக்காட்டுல மழை உண்டுமாவே?"