எடை உட்காரும் இடம்

ஆனி பிறந்ததும் கச்சான் எழுந்துவிட்டது.
கூத்தங்குழிக்கு வடக்கே காற்றாலைகள்
மொத்தமும் ஒரே பக்கம் முகம் திருப்பிச் சுற்றுகின்றன.
இடிந்தகரைப் பக்கம் போகவேண்டுமென்றால்
காற்றுக்கு எதிரே ஒன்றேகால் மணி நேரம்.
குறுகலான, கோபமான, அடுத்தடுத்த அலை.
என் இருபத்திரண்டு அடி பைபர்
தலையை வானத்துக்குத் தூக்கும்,
தூக்கியதை அப்படியே கீழே போடும்.
தட். தட்.
பல்லோடு பல் மோதும்.
இடுப்பில் நாலாவது எலும்பு
தனியாக ஒரு கணக்கு எழுதிவைக்கும்,
ராத்திரி படுக்கையில் வசூலிக்கும்.

"வள்ளத்துல குத்தமில்ல வே, பாரத்துல குத்தம்"
என்றான் திசையன்விளைப் பட்டறை சுடலைக்கண்ணு.
சொன்னதோடு நிற்காமல்
எஞ்சின் காலில் கறுப்புப் பிளாஸ்டிக் இறக்கை ஒன்றை
நாலு போல்ட் வைத்து முறுக்கி
மூவாயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டான்.
அதுவரை தட் தட் என்றது,
பிறகு தட தட என்றது.
ஒரு புள்ளியை எடுக்க அவ்வளவு ரூபாய்.

அணியத்தில் மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன்.
நனைந்து கிழிந்து மணல் வலைக்குள் இறங்கிவிட்டது.
வலையை உதறிய பெர்னதெத் சொன்னதெல்லாம்
கவிதைக்கு ஆகாது.

அவள் தம்பி மார்சலின் என்னோடு தொழிலுக்கு வருகிறவன்.
தொண்ணூற்றிரண்டு கிலோ.
கடையாலில் என் பக்கத்தில், பெட்ரோல் கேன் மேல்
உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே
என் காதுக்குள் பேசிக்கொண்டே வருவான்.
ஒருநாள் சிங்கி றால் பங்கில்
அறுநூறு ரூபாய் உதைத்தது.
மறுநாள் ஏறியவன் என்னைப் பார்க்காமல்
படகில் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ
அவ்வளவு தள்ளி, அணியத்தில் போய்
முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அன்று படகும் பேசவில்லை.
ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதுபோல்
ஒரு சீறல்; அவ்வளவுதான்.
மூக்கு கீழே இருந்தது, கூர் அலையைக் கீறியது,
இரண்டு பக்கமும் தண்ணீர் ஒதுங்கி வழிவிட்டது.
டம்ளரில் கட்டஞ்சாயா ஊற்றிக் குடித்தேன்.
கடலில், கச்சானில், சிந்தாமல்.

பதினோரு நாள் அந்தச் சண்டை.
ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார்
"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்றபோது
நான் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வன்மம் இல்லை. இடுப்பு.

பன்னிரண்டாம் நாள் அவனே வந்து
கேன் மேல் உட்கார்ந்து
"என்ன மச்சான்" என்றான்.
தட்.
புள்ளி திரும்பி வந்துவிட்டது.

ஆளை விரட்ட முடியாது.
கேன் இரண்டையும் நடுவுக்கு நகர்த்தி
எட்டடி ஹோஸ் வாங்கி மாட்டினேன்.
ஐஸ் பெட்டியும் நங்கூரமும் முன்னே போயின.
எஞ்சின் ஊசியை ஒரு துளை உள்ளே தள்ளினேன்.
மேட்டில் ஏறுமுன் கை தளர்த்தி,
இறங்கியபின் கொடுத்து,
அலையை நெற்றியில் முட்டாமல்
தோளில் வாங்கிப் போனோம்.
கேனுக்குப் பதில் கவிழ்த்த வாளி மேல் மார்சலின்,
என் காதுக்குள்.
ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்புகையில் காற்று பின்னால்.
பின்னலை கடையாலைத் தூக்க,
மீன் நிறைந்த பெட்டியோடு மூக்கு
முன்னலையின் முதுகில் குத்தி நின்றது.
படகு பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியது.
இன்னொரு கை அளவு போதும், கவிழ.
நான் வாய் திறக்குமுன்
மார்சலின் முட்டிபோட்டு ஓடிவிட்டான்.
நூற்றைம்பது கிலோ பெட்டியைக் கயிற்றில் சுற்றி
முக்கி, வைது, இழுத்து, பின்னே கொண்டுவந்தான்.
நான் ஊசியை வெளித்துளைக்கு மாற்றினேன்.
மூக்கு எழுந்தது.
நெஞ்சு கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

இப்போது பெட்டிக்கு அடியில் இரண்டு சவுக்கு உருளை.
போகையில் முன்னே, வருகையில் பின்னே
உருட்டுகிறான் அவன்.
இரண்டாம் துளை, நாலாம் துளை, மாற்றுகிறேன் நான்.
யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அந்த அறுநூறு ரூபாயைப் பற்றி மட்டும்
சொல்லிக்கொண்டே வருகிறான்,
எஞ்சின் சத்தத்துக்கு மேலே.