படகோட்டியின் சட்டைக்கை

பிரியும்போது புத்தகங்களையும் பிரித்துக்கொண்டோம்.
முதல் நான்கு பாகம் எனக்கு,
ஐந்து, ஆறு, ஏழு ரீஹோவுக்கு.
பூனையைப் பற்றிக்கூட இவ்வளவு நேரம் பேசவில்லை.

இப்போது அது தொடராக வருகிறது.
வியாழன் இரவு ஒன்பது மணி.
டார்ட்டு நகரில் உறைந்த ஆற்றுக்கு
இக்கரையில் நான், அக்கரையில் அவன்.
இருவர் காதிலும் கைபேசி,
இருவர் மடியிலும் தீர்ப்பு, முன்பே எழுதியது.

முதல் வாரமே டிராகனைக் கொன்றுவிட்டார்கள்.
கதையில் அல்ல,
கண்ணில்.
நாலாயிரம் பக்கத்தில் ஓரிடத்திலும்
அதன் கண் என்ன நிறமென்று சொல்லப்படவில்லை.
பதினோரு வருடமாக அது என்னை
மழைக்கு முந்தைய ஏரியின் நிறத்தில் பார்த்தது.
இவர்கள் மஞ்சளை ஊற்றிவிட்டார்கள்.
இனி கழுவினாலும் போகாது.
"உனக்கு என்ன நிறம்?" என்றேன்.
"எனக்கு அதற்குக் கண்ணே கிடையாது, ஏஹா.
மோப்பம் பிடித்துத்தான் வரும்" என்றான்.
ஒன்பது வருடம் ஒரே கட்டிலில்
இரண்டு டிராகன்களோடு படுத்திருக்கிறோம்.

பகலில் கண்ணாடிக் கடையில் எனக்கு இதுதான் வேலை.
வில்லையை மாற்றி மாற்றிக் கேட்பேன்:
இது தெளிவா, முன்னதா?
இதுவா? அதுவா?
பாதிப் பேர் பயந்துபோய்
எனக்குப் பிடித்த பதிலைத் தேடுவார்கள்.

ராணிக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் இருக்கக் கூடாது.
இங்கே முப்பத்திரண்டும் மின்னுகின்றன.
ஒரு பாகம் முழுக்க நீண்ட பஞ்சம்
ஒரு பாட்டுக்குள் தீர்ந்து மழை வந்துவிட்டது.
குதிரைகள் மட்டும் குறை சொல்ல முடியாமல் நடித்தன,
அவை புத்தகத்தைப் படித்திருக்கவில்லை.
"நீ சாப்பிட வரவில்லை,
கல் பொறுக்க வந்திருக்கிறாய்" என்றான் ரீஹோ.
அவன் வாயிலும் கல் நறநறத்தது, எனக்குக் கேட்டது.

ஆறாம் வாரம்.
ராணி தப்பி ஓடுகிறாள், இருட்டு, துறை.
படகோட்டி கிழவர், பெயர் தெரியாத நடிகர்.
புத்தகத்தில் அவருக்கு ஒரே வசனம்: இரண்டு காசு.
அதையும் சொன்னார், சரியாக.
பிறகு துடுப்பை அவளிடம் கொடுக்குமுன்
பிடியைத் தன் சட்டைக்கையால்
ஒரு தரம் துடைத்தார்.
அவளைப் பார்க்கவில்லை. துடைத்தார், கொடுத்தார்.

தயிர் விளம்பரம் முடியும்வரை
இரண்டு கரையிலும் பேச்சில்லை.

"புத்தகத்தில் இருக்கிறதுதானே அது?"
"இருக்கும்."
"ஆறாம் பாகம். உன்னிடம்தான் இருக்கிறது. பார்."

அலமாரிக் கதவு. அவன் இருமல். தாள்கள்.
துறை வந்தது, கிழவர் வந்தார், இரண்டு காசு வந்தது.
துடுப்பு கை மாறியது.
"அவ்வளவுதான்" என்றான்.
"அடுத்த வரி?"
"மறுகரை."
"ஒன்றைத் தாண்டிப் படித்திருப்பாய்."
"இல்லை ஏஹா. இங்கே ஒரு காப்பிக் கறைதான் இருக்கிறது,
அதுவும் என்னுடையது."

எனக்குக் கோபம் வந்தது, புத்தகத்தின் மேல்.
இத்தனை காடு, இத்தனை கோட்டை, வாளுக்கெல்லாம் பெயர்,
ஒரு சட்டைக்கைக்கு இடமில்லாமலா போயிற்று?

இதுவா, முன்னதா?
நாளைக்குக் கேட்கும்போது
பதில் சொல்லத் திணறுகிறவரை
அவசரப்படுத்த மாட்டேன்.

அவன் இன்னும் புத்தகத்தை மூடவில்லை.
மறுகரை, சேறு, நாணல் என்று
கேட்காமலே படித்துக்கொண்டு போகிறான்,
வேற்றூர்ப் பெயர்களில் பழையபடி தடுக்கி விழுந்து.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.
ஒலியைக் குறைத்துவிட்ட திரையில்
ஊமையாய் ஒரு மஞ்சள் கண்
திறக்கிறது, மூடுகிறது.